திருவள்ளூரிலிருந்து சேப்பாக்கம்: வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரலாமா?

கேள்வி இதுதான். திருவள்ளூரில் பெற்றோருடன் வசிக்கும் மாணவி ஒருவருக்குச் சேப்பாக்கத்தில் உள்ள அரசு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர். நாற்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைத் தினமும் கடந்து படிக்க முடியாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். விடுதியில் சேர்க்கவோ வீட்டில் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

சென்னையில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அரக்கோணம், திருவள்ளூர் பக்கத்திலிருந்து வரும் மேற்குத் தடத்து ரயில்களில் வந்து படித்த மாணவர்களைப் பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலை ஷிஃப்டில் இடம் கிடைத்திருந்தால் வீட்டிலிருந்தே வாருங்கள், மதிய ஷிஃப்ட் என்றால் விடுதிக்கு முயலுங்கள். சென்னையின் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிஃப்ட் இருப்பதால், சேர்க்கை ஆணையில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்வதுதான் உங்கள் முதல் வேலை. காலை ஷிஃப்ட் நண்பகலைத் தாண்டியதும் முடிந்துவிடும். நீங்கள் வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம். மதிய ஷிஃப்ட் முடியவே மாலை இருட்டிவிடும். அதன் பிறகு கிளம்பினால் திருவள்ளூரில் இறங்கும்போது இரவு எட்டரை, ஒன்பது ஆகும். மூன்று ஆண்டுகள் அப்படி வந்து போவது முடியாததல்ல, ஆனால் மாற்று வழி இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உறவினர்கள் கிலோமீட்டரைக் கணக்கிடுகிறார்கள். தினசரிப் பயணத்தில் ஒருவரைக் களைப்படையச் செய்வது பெரும்பாலும் தொலைவல்ல, எத்தனை முறை வண்டி மாற வேண்டியிருக்கிறது என்பதும், ஒவ்வொரு மாற்றத்திலும் எவ்வளவு நேரம் நிச்சயமில்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது என்பதும்தான். திருவள்ளூரிலிருந்து, சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் முனையமான மூர் மார்க்கெட் வளாகம் 42 கிலோமீட்டர். எல்லா நிலையங்களிலும் நிற்கும் மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். நகருக்குள்ளேயே இருந்துகொண்டு இரண்டு பேருந்து மாறி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் காத்து நின்று, போக்குவரத்து நெரிசலில் சிக்கி வரும் மாணவர்கள் பலருக்கும் அதே நேரம்தான் ஆகிறது. அவர்களுக்கு அந்த நேரம் முழுவதும் வீண், உங்களுக்கு அப்படியில்லை. ஏனென்றால் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புலப்படுவதில்லை. அரக்கோணத்திலிருந்து வரும் ரயில்கள் திருவள்ளூருக்கு வரும்போதே நிறைந்திருக்கும் என்றாலும், திருவள்ளூரிலிருந்தே புறப்படும் ரயில்களும் இருக்கின்றன. அவற்றில் பத்து நிமிடம் முன்னதாகச் சென்றால் ஜன்னலோர இருக்கையே கிடைக்கும். திருநின்றவூர் வரும்போது இருக்கைகள் நிறைந்திருக்கும். ஆவடியில் ஏறுபவர் நிற்பார். அம்பத்தூரில் ஏறுபவர் நிற்க இடம் தேடுவார். மூர் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போதும் அதுவே தொடக்க நிலையம் என்பதால் அங்கும் உங்களுக்கு இருக்கை உண்டு. ஆகவே, தொலைவில் இருக்கும் நீங்கள் உட்கார்ந்து வரும்போது, உங்களைவிடப் பாதித் தொலைவில் இருக்கும் அம்பத்தூர் மாணவி நின்றுகொண்டு வருவார். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை, வகுப்பு தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடாமல், திருவள்ளூரில் புறப்படும் ரயில் எது என்பதை வைத்து நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்தில் சிக்கலான பகுதி கடைசி மூன்று கிலோமீட்டர்தான். மூர் மார்க்கெட்டில் இறங்கி, சுரங்கப் பாதை வழியாகப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து சென்று, மேம்பாலப் பாதையில் ஓடும் பறக்கும் ரயிலில் ஏற வேண்டும். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம். ரயிலில் இருக்கும் நேரம் சில நிமிடங்களே. ஆனால் நடையும் காத்திருப்பும் சேர்ந்து அரை மணியைத் தின்றுவிடும். இதற்கு ஒரு மாற்று உண்டு. மேற்குத் தடத்து ரயில்களில் சில மூர் மார்க்கெட்டுக்குச் செல்லாமல் வண்ணாரப்பேட்டை, இராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்குச் செல்கின்றன. பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்துதான் புறப்படுகிறது என்பதால், நிலையத்தை விட்டு வெளியே வராமல், சாலை எதையும் கடக்காமல் மாறிக்கொள்ளலாம். கால அட்டவணையில் உங்கள் நேரத்துக்கு அப்படி ஒரு ரயில் இருந்தால், அது பத்து நிமிடம் சுற்றிச் சென்றாலும் அதையே பிடியுங்கள்.

பறக்கும் ரயில் 1995இல் முதன்முதலாக ஓடத் தொடங்கியபோது கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைதான் ஓடியது. அந்த வகையில் உங்கள் கல்லூரிப் பகுதி அத்தடத்தின் மிகப் பழைய பயனாளி. இருந்தாலும் அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை அமைக்கும் பணிக்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த ஓராண்டுக்கும் மேலான காலத்தில் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த மாணவர்கள் பேருந்தையும் நடையையும் நம்பித்தான் படித்தார்கள். எனவே சென்ட்ரலிலிருந்து கடற்கரைச் சாலைக்குச் செல்லும் பேருந்துகள் எங்கே நிற்கும், மெட்ரோவில் அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கல்லூரிக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே ஒரு முறை போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆறேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வீடு வீரராகவர் கோயில் பக்கம் என்றால் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு எழ வேண்டும், ஆகவே இரவு பத்து மணிக்குள் படுத்தாக வேண்டும். இந்தப் பத்து மணி என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் பருவத்தில் உற்சாகத்தில் பதினொன்று, பன்னிரண்டு வரை விழித்திருக்கும் மாணவர்கள் இரண்டாம் பருவத்தில் முதல் மணி வகுப்பைத் தவறவிடத் தொடங்குவார்கள்; அதன் விளைவு வருகைப் பதிவேட்டில் தெரியும்.

வருகைப் பதிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டிலிருந்து வரும் மாணவர்கள் இடறுவது இங்கேதான். பருவத்துக்கு 90 வேலை நாட்கள். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது, வராமல் இருக்க உங்களுக்குக் கிடைப்பது 22 நாட்கள். கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் பல கல்லூரிகளில் முதல் மணிக்கு இல்லாவிட்டால் அரை நாள் கழிந்துவிடும். ரயில் இருபது நிமிடம் தாமதமானால் உங்களுக்கு இழப்பு இருபது நிமிடமல்ல, அரை நாள். விடுதி மாணவி காய்ச்சல் வந்தால்தான் விடுப்பு எடுப்பார். உங்களுக்குச் சிக்னல் கோளாறும், வீட்டு விசேஷமும், மழையும் சேர்ந்து அந்த 22 நாட்களைப் பங்கு போட்டுக்கொள்ளும். தவிர, திங்கட்கிழமை முதல் மணி எப்போதும் ஒரே பாடமாக இருக்கும் என்பதால், அந்த ஒரு பாடத்தில் மட்டும் நீங்கள் பின்தங்கிக்கொண்டே போவீர்கள். ஆகவே வகுப்புக்குச் சரியாகக் கொண்டுவிடும் ரயிலைப் பிடிக்காதீர்கள். அதற்கு முந்தைய ரயிலே உங்கள் ரயில். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கிடைக்கும் அரை மணியில் கல்லூரியிலேயே காலை உணவை உண்ணலாம். ஐந்தரை மணிக்கு வயிற்றில் எதையும் திணித்துக்கொண்டு கிளம்புவதைவிட அது உடம்புக்கும் நல்லது.

வடகிழக்குப் பருவமழைக் காலம் தனி. கனமழையில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் நிறுத்தப்படும், அல்லது ஆவடியோடு திருப்பி விடப்படும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சேவை முற்றிலும் நின்றுபோனது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காலையில் எழுந்தவுடன் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நகரில் மழை இல்லாததால் கல்லூரி நடக்கும், திருவள்ளூரில் ஏரி நிரம்பிச் சாலையே இருக்காது என்ற நிலையும் வரும். அப்படிப்பட்ட நாளில் துறைத்தலைவருக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் பரிவோடுதான் நடந்துகொள்வார்கள். பருவ இறுதியில் மொத்தமாக வந்து மழையைக் காரணம் சொல்பவரை யாரும் நம்புவதில்லை.

பருவத் தேர்வு நவம்பரில் வருவதால் இதே மழை தேர்வையும் தொடும். ஆவடிக்கு இப்புறமோ நகருக்குள்ளோ சித்தி, அத்தை என்று யாராவது இருந்தால், தேர்வுக்கு முந்தைய இரவு அங்கே தங்க இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் மாணவி என்பதால் இன்னொன்று. செய்முறை வகுப்பு மூன்று மணி நேரம் நடக்கும். சில நாள் அதற்கு மேலும் இழுக்கும். ரயிலை நினைத்துக்கொண்டு டைட்ரேஷன், அதாவது கரைசலைத் துளித்துளியாக விட்டு அளவு காணும் சோதனை, செய்பவர் கடைசித் துளியில் முடிவுப் புள்ளியைத் தாண்டிவிடுவார். மூன்று அளவீடும் ஒன்றுபோல் வராது. பிறகு பக்கத்து மாணவியின் எண்ணைப் பார்த்து எழுதுவார். இதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகளல்ல, 3.40 ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது கூட்டமாக வரும் என்று அஞ்சியவர்கள். செய்முறை நாளுக்கென்று ஒரு ரயிலை வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று எந்த ரயில் கிடைக்கிறதோ அதுதான் என்று வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள். ஆய்வகத்தில் அவசரமில்லாமல் நிற்பவருக்குத்தான் உப்புப் பகுப்பாய்வு கைவரும்.

ரயிலில் படிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. கரிம வேதியியலின் வினைவழிமுறைகளைக் கையால் வரைந்து பார்க்காமல் கற்க முடியாது. ஆடும் பெட்டியில் அது நடக்காது. ரெக்கார்டு நோட்டை ரயிலில் எழுதியவர்களின் கையெழுத்தைப் பார்த்தாலே எந்த நிலையத்துக்கு முன் எழுதியது என்று சொல்லிவிடலாம். ஆனால் கனிம வேதியியலின் குழுப் பண்புகள், வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கான கேள்விகள், துணைப்பாடத்தின் வரையறைகள், தமிழ், ஆங்கிலப் பாடங்கள் ஆகியவற்றை இருக்கையில் அமர்ந்தபடி நன்றாகப் படிக்கலாம். காலைப் பயணத்தைப் படிப்புக்கும் மாலைப் பயணத்தைத் தூக்கத்துக்கும் ஒதுக்குவது என் மாணவர்களில் பலருக்குப் பலன் தந்தது. திருவள்ளூரோடு நிற்கும் ரயிலில் தூங்கினால் நிலையத்தைத் தவறவிடும் அச்சமும் இல்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிலையில் அது ஏறக்குறைய இல்லை. பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவியருக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சென்று வர இரண்டாம் வகுப்பு மாத சீசனை ரயில்வே கட்டணமில்லாமல் தருகிறது. உங்கள் அண்ணனோ தம்பியோ கல்லூரிக்குச் சென்றால் அவருக்கு இது கிடையாது. ஆண்களுக்கு இலவசம் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான், அதன்பின் மாணவர் சலுகைக் கட்டணம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஷேர் ஆட்டோவுக்கும் மதிய நேரத்துத் தேநீருக்கும் அதில் மிச்சமே இருக்கும்.

விடுதி என்றால் கல்லூரி விடுதி ஒன்றே அல்ல. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் கல்லூரி மாணவியருக்கென்று நடத்தும் விடுதிகள் சென்னையில் உள்ளன. குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு உணவும் தங்குமிடமும் இலவசம். தோழி விடுதியைப் பற்றிச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது வேலைக்குச் செல்லும் பெண்களுக்காக அமைக்கப்பட்டது. காலை ஷிஃப்டாக இருந்தாலும் நலத்துறை விடுதிக்கு விண்ணப்பம் போட்டு வைப்பதில் தவறில்லை. முதலாண்டு முடிவில் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்தால் அப்போது மாறிக்கொள்ளலாம்.

பாதுகாப்பைக் குறித்து வீட்டில் கவலைப்படுவது இயல்பு. காலை, மாலை நெரிசல் நேரத்தில் பெண்கள் பெட்டி நல்லது. ஆனால் இரவில் தாமதமாகத் திரும்ப நேர்ந்தால், பெண்கள் பெட்டி காலியாக இருக்கும்போது அதில் தனியாக ஏறாமல், பல குடும்பங்கள் இருக்கும் பொதுப்பெட்டியில் ஏறுவதே உசிதம். ரயில்வே உதவி எண் 139. தினமும் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் வந்தால் ஒரு மாதத்தில் அங்கே வழக்கமாக வரும் செவிலியர், அலுவலகப் பெண்கள், பூக்காரம்மா எல்லோருக்கும் உங்களைத் தெரிந்துவிடும். நீங்கள் ஒரு நாள் வரவில்லை என்றால் மறுநாள் விசாரிப்பார்கள். இதைவிடப் பெரிய காவல் எதுவும் இல்லை. இந்தத் தடத்தில் மாணவர் குழுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட செய்திகளைப் பெற்றோர் படித்திருப்பார்கள். ரூட்டு தல, அதாவது அந்தத் தடத்து மாணவர்களின் தலைவன், என்று சொல்லிக்கொண்டு திரியும் அந்தக் கூட்டம் சிறியது. அவர்கள் கூடும் பெட்டி எது என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே ஏறாமல் இருந்தால் போதும். படிக்கட்டுப் பயணம் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில் படிக்கட்டில் தொங்கிவந்த பயணிகள் தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்ததற்குக் காரணம், வழக்கமான பாதையில் செல்ல வேண்டிய ரயில் அன்று வேறு பாதையில் சென்றதுதான். தினமும் தொங்கிப் பழகியவருக்கும் அன்றைய பாதை புதியது.

இவை அனைத்தையும் விடக் கடினமானது வீடு. இதைப் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். மகன் வேலைக்குப் போய் மாலை திரும்பினால் காபி கொடுத்து உட்காரச் சொல்லும் அதே வீட்டில், மகள் கல்லூரியிலிருந்து நான்கரை மணிக்குத் திரும்பியதும் மோட்டார் போடவும், தம்பிக்குப் பாடம் சொல்லவும், கடைக்குப் போய்வரவும் ஆள் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். வீட்டில்தானே இருக்கிறாள் என்கிறார்கள். அவள் வீட்டில் இல்லை. காலை ஆறேகாலிலிருந்து பத்து மணி நேரம் வெளியில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையிலான மூன்று மணி நேரத்தை அவளுக்கு ஒதுக்கித் தராவிட்டால், விடுதிக் கட்டணத்தை மிச்சப்படுத்தியதாக நினைக்கும் குடும்பம் அதைப் பட்டத்தின் தரத்தில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். வீட்டில் வேலையே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செய்யட்டும். வாரநாளில் அந்த மூன்று மணி நேரத்தைத் தொடாதீர்கள். உறவினர் கல்யாணம், காதுகுத்து என்று வேலை நாளில் வந்தால் யாராவது ஒருவர் போய் மொய் எழுதிவிட்டு வந்தால் போதும்.

உங்கள் பங்குக்கு நீங்கள் செய்ய வேண்டியது, கல்லூரியில் வகுப்புக்கு வெளியேயும் சற்று நேரம் இருப்பது. மணி அடித்ததும் ரயிலுக்கு ஓடுபவருக்கு மூன்று ஆண்டு முடிவில் ஆசிரியர் ஒருவருக்குக்கூட முகம் தெரிந்திருக்காது. முதுகலைக்குப் பரிந்துரை கேட்டு வரும்போதுதான் அது உறைக்கும். காலை ஷிஃப்டின் பெரிய நன்மை மதியத்துக்குப் பிறகு உங்களுக்கு நேரம் இருப்பதுதான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு ரயில் தாமதமாகக் கிளம்புங்கள். துறை நூலகத்தில் இருங்கள். அல்லது அதே பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் சென்றால் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு. நாட்டு நலப்பணித் திட்டமோ தமிழ் மன்றமோ ஏதாவது ஒன்றில் சேருங்கள். நண்பர்கள் கிடைப்பது பாடவேளையில் அல்ல.

சேர்ந்த முதல் வாரத்தில் கல்லூரி அலுவலகத்தில் சீசனுக்கான சான்றைக் கேளுங்கள். ஏறும் நிலையம் திருவள்ளூர், இறங்கும் நிலையம் சேப்பாக்கம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். மூர் மார்க்கெட் என்று எழுதிவிட்டால் பறக்கும் ரயிலுக்குத் தினமும் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். சான்றில் முதல்வரின் கையொப்பமும் கல்லூரி முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். அதற்கு முன், வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு திங்கட்கிழமை காலை, அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு, நீங்கள் தினமும் பிடிக்கப்போகும் அதே ரயிலில் கல்லூரி வாசல் வரை ஒரு முறை போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துப் பயனில்லை. அன்று ரயிலும் குறைவு, கூட்டமும் வேறு.